இரண்டு அங்குலம்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. இவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் "வீரமரணம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிபட்ட விமானத்திலிருந்து வெளியேற வழியில்லாமலேயே செத்தவர்கள் இதில் ஏராளம். அதைச் சொல்லாமல் விடுவது அந்தப் பையன்களுக்குச் செய்யும் அநியாயம்.

அவர்கள் ஓட்டிய குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றான லங்காஸ்டரில் ஏழு பேர். விமானியின் பாராசூட் இருக்கையிலேயே இருக்கும். மற்றவர்கள் மார்பில் பட்டை மட்டும் கட்டியிருப்பார்கள், பை தனியாக மாட்டியிருக்கும். தீப்பிடித்தால் ஆக்சிஜன் குழாய், இன்டர்காம் ஒயர் இரண்டையும் கழற்றி, இருட்டில் பையைத் தேடி, கொக்கியில் மாட்டி, மூக்குப் பகுதியின் தரையில் இருக்கும் திறப்புக்குப் போக வேண்டும். அதன் அகலம் 22 அங்குலம். தடித்த பறக்கும் உடை, மார்பில் பாராசூட் பை. இதோடு அதில் நுழைந்து பார்க்கச் சொன்னால் தரையில் நிற்கும்போதே சிரமம். விமானம் சுழன்று விழ ஆரம்பித்துவிட்டால் ஆளைச் சுவரோடு அழுத்திவிடும், கையைக்கூடத் தூக்க முடியாது. பின்கதவு வழியாகக் குதித்தால் வால் இறக்கையில் மோதும் ஆபத்து.

ஹாலிஃபாக்ஸ் என்ற இன்னொரு குண்டுவீச்சு விமானத்தில் அதே திறப்பு 24 அங்குலம். பாம்பர் கமாண்டின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்த ஃப்ரீமன் டைசன் சொன்ன கணக்கு இது: சுட்டு வீழ்த்தப்பட்ட ஹாலிஃபாக்ஸ், ஸ்டெர்லிங் விமானங்களிலிருந்து 100க்கு 25 பேர் பிழைத்தார்கள், லங்காஸ்டரிலிருந்து 15 பேர்தான். லங்காஸ்டர்தான் சிறந்த விமானம், சுடப்பட்டதும் குறைவு. ஆனால் சுடப்பட்டால் உள்ளே இருப்பவனுக்கு அதுவே மோசம். டைசனின் சக ஊழியர் மைக் ஓலஃப்லின் திறப்பைப் பெரிதாக்கச் சொல்லி வருடக்கணக்கில் போராடினார். மேலே இருந்தவர்கள் அசைந்து, பெரிய திறப்பு வந்தபோது போரே முடியும் தறுவாயில் இருந்தது. இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

வாலில் இருந்த துப்பாக்கி வீரன் நிலைமை இன்னும் கொடுமை. நான்கு பிரவுனிங் துப்பாக்கிகளோடு அவன் உட்காரும் சுழலும் கூண்டுக்குள் பாராசூட்டுக்கு இடமே கிடையாது, அது பின்னால் உடற்பகுதியில் தொங்கும். கூண்டை நேராக்கி, கதவைத் திறந்து, பையை எட்டி எடுத்து மாட்டி, மறுபடி கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, மல்லாக்க விழ வேண்டும். கூண்டைத் திருப்புவது ஹைட்ராலிக் அழுத்தம், அதாவது குழாயில் ஓடும் எண்ணெயின் அழுத்தம். அதைக் கொடுப்பது இடப்பக்க வெளி எஞ்சின். அந்த எஞ்சின் போனால் கைப்பிடியால் சுற்ற வேண்டியதுதான்.

1944 ஜூன் 12-13 இரவு, கனடாவின் 419 ஸ்குவாட்ரன் லங்காஸ்டர் ஒன்று பிரான்சின் கம்ப்ரே ரயில் யார்டைத் தாக்கப் போனபோது இதுதான் நடந்தது. இடப்பக்க எஞ்சின் இரண்டும் போயின. வால் கூண்டு பாதியில் நின்றது, கைப்பிடியும் உடைந்துவிட்டது. உள்ளே வால் துப்பாக்கி வீரர் பாட் ப்ரோஃபி. குதிக்கப் போன சக வீரர் ஆண்ட்ரூ மினார்ஸ்கி அதைப் பார்த்துவிட்டு, எரியும் எண்ணெய்க்குள் தவழ்ந்து வந்து கோடரியால் கூண்டை நெம்பினார். அசையவில்லை. போய்விடு என்று ப்ரோஃபி சைகை காட்டினார். மினார்ஸ்கி எழுந்து நின்று சல்யூட் அடித்துவிட்டு, உடை எரிய எரியக் குதித்தார். தீக்காயத்தில் இறந்துபோனார்.

விமானம் தரையில் மோதியபோது கூண்டு பிய்த்துக்கொண்டு விழுந்தது. ப்ரோஃபி பிழைத்தார். உள்ளே நடந்ததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னதை வைத்துத்தான் 1946இல் மினார்ஸ்கிக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்.