தண்ணீரை நிறுத்தினால் கசிவு நிற்காது

"பாட்டிகளுக்கு மதியத்துக்கு மேல் தண்ணீரே கொடுக்காதீர்கள், சிறுநீர் ஒழுகுவது தானாக நின்றுவிடும்" என்று மேலே ஓர் அக்கா எழுதியிருக்கிறார். அக்கா, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைப்பது சரி. அரை நாள் நிறுத்துவது தவறு. சிறுநீர் கெட்டியானால் சிறுநீர்ப்பை இன்னும் எரிச்சலாகி அடிக்கடி முட்டும். மலச்சிக்கலும் சேரும், இறுகிய மலம் பையை அழுத்த, கசிவு கூடும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பாட்டி இதைத்தான் செய்தார். நாற்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர், வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நாளுக்கு இரண்டு குவளைதான் குடிப்பார். சிறுநீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனது. ஒரு நாள் எழுந்தபோது தலை சுற்றி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் தண்ணீரைப் பகலில் பிரித்துக் கொடுத்தோம், கோப்பியைக் குறைத்தோம். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, "பாட்டி, போய்ட்டு வந்திடலாமா?" என்று நாங்களே கேட்டோம். தளர்ந்தவர்களுக்கு இந்த நினைவூட்டல்தான் பெரிய உதவி. கைலியில் முடிச்சுக்குப் பதில் எலாஸ்டிக், கட்டிலோரம் கமோட் நாற்காலி. பேம்பர்ஸ் இரவுக்கு மட்டும்.

இரத்த அழுத்தத்துக்கான தண்ணீர் மாத்திரையை (சிறுநீரை அதிகம் போக வைப்பது) எந்த நேரத்தில் போடுவது என்று கிளினிக்கில் கேளுங்கள். கசிவுக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் போன்ற சில மாத்திரைகள் முதியவர்களைக் குழப்பிவிடும், கடையில் நீங்களாக வாங்காதீர்கள். கசிவு திடீரென்று தொடங்கி, காய்ச்சலோ எரிச்சலோ இருந்தால் அன்றே காட்டுங்கள். இதயம், சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் தண்ணீர் அளவு டாக்டர் சொன்னபடிதான்.