மனைவி வேலைக்குப் போனால் உதவித்தொகை குறையலாமா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) பெண்கள் வீட்டோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, "அரசாங்கம் காசு கொடுத்தே சோம்பேறி ஆக்கிவிட்டது" என்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு ஈப்போ பேக்டரி ஒன்றில் வேலை கிடைத்தது. குறைந்தபட்சச் சம்பளம், மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). இபிஎப் (ஓய்வுக்கால சேமநிதி) பிடித்தம் 187. இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு 600. பேக்டரி வேன் விடியற்காலை ஐந்தரைக்கே வந்துவிடும்; அதற்கு முன்னால் தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டில் விட வேண்டும். அப்புறம் எஸ்டிஆர், அதாவது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை. புருஷன் சம்பளம் மட்டும் என்றால் குடும்பத்தின் மாத வருமானம் 2,500க்குள் நிற்கும், ஆண்டுக்கு 1,500 வெள்ளி வரும். இவள் சம்பளமும் சேர்ந்தால் 750தான். மாதத்துக்கு அறுபது வெள்ளி சொச்சம்தான் குறைகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே இழுபறியாக இருக்கும் கணக்கில் அந்த அறுபதும் உறுத்தும். அவள் வேலைக்குப் போகவில்லை.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. 1975 முதல் அங்கே குறைந்த சம்பளக்காரர்களுக்கு வரிக் கணக்கு வழியாக மானியம் தருகிறார்கள். வேலை செய்தால்தான் பணம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் நிறைய பேர் அதனால் வேலைக்கு வந்தார்கள். மணமானவர்களுக்கோ புருஷன் பெண்டாட்டி இருவர் வருமானத்தையும் கூட்டித்தான் கணக்கு. இரண்டு பிள்ளை உள்ள குடும்பம் வரம்பைத் தாண்டினால், கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 டாலருக்கும் மானியத்தில் சுமார் 21 டாலர் போய்விடும். அந்த இடத்தில் மனைவிமார் கொஞ்சம் பின்வாங்கியதை ஆய்வாளர்கள் கண்டார்கள். இதில் சோம்பேறித்தனம் எங்கே வந்தது?

பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். 2007 முதல் நடக்கும் வேலைநல மானியம் முக்கியமாக அவரவர் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. துணையின் வருமானம் மிக அதிகமாக இருந்தால்தான் குறுக்கே வரும்.

பால்மரக் (ரப்பர்) காலத்தில் நம் பாட்டிமார் விடியற்காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போனார்கள், மரம் சீவிப் பால் எடுத்தார்கள். தோட்டத்தில் ஆயாக் கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இருந்தது, பிள்ளையை அங்கே விட்டுப் போனார்கள். ரப்பருக்குப் பதில் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு தாமானுக்கு வந்தோம், கொட்டகை போயிற்று. அந்த இடத்தை யாரும் நிரப்பவில்லை. பணத்தைவிட இதுதான் பெரிய தடை என்பது என் கருத்து.

பட்ஜெட்டுக்குக் கோரிக்கை எழுதும் நம் சங்கங்கள் இரண்டைக் கேட்கட்டும். புதிதாக வேலைக்குப் போகும் மனைவியின் சம்பளத்தை முதல் இரண்டு ஆண்டுக்கு எஸ்டிஆர் கணக்கில் சேர்க்கக் கூடாது. விடியற்காலை ஐந்து மணிக்குத் திறக்கும் குழந்தைப் பராமரிப்பு இல்லம் ஒன்று சுங்கை சிப்புட்டுக்கு வேண்டும்.