பென்னி மாற்றாத எண்

விமான விபத்தில் தப்பி ஒரு மர்மத் தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை 'லாஸ்ட்' தொடர். அதன் நான்காவது சீசனில் ஐந்தாவது எபிசோட் 'தி கான்ஸ்டன்ட்'. 2008 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவில் ஏபிசி சேனலில் ஒளிபரப்பானது. காதலையும் காலத்தையும் சேர்த்துச் சொன்ன தொலைக்காட்சிக் கதைகளில் இதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் டெஸ்மண்டைப் பற்றியே பேசுகிறார்கள். அவன் காலத்தில் தாவுகிறான், மூக்கில் ரத்தம் வழிகிறது, சாகப்போகும் நேரத்தில் காதலிக்கு போன் போடுகிறான். அதெல்லாம் சரிதான். இருந்தாலும் என்னைப் பொறுத்தவரை இது அந்தக் காதலி பென்னியின் கதை. மொத்தமே சில நிமிடங்கள்தான் திரையில் வருகிறாள். கதை முழுவதையும் சொல்லித்தான் பேச முடியும், அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

டெஸ்மண்ட் ஹ்யூம் ஸ்காட்லாந்துக்காரன். 2004 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், தீவிலிருந்து ஹெலிகாப்டரில் கிளம்பி, தூரத்தில் நிற்கும் ஒரு கப்பலுக்குப் போகிறான். போகும் வழியில் ஹெலிகாப்டர் புயல் மேகத்துக்குள் மாட்டிக்கொள்ள, அவனுடைய மனம் மட்டும் காலத்தில் நழுவிவிடுகிறது. உடம்பு 2004-இல் இருக்கிறது, உள்ளே இருப்பவனோ 1996-இல் ராணுவத்தில் இருந்த டெஸ்மண்ட். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தீவு நண்பன் சயீதை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தீவு, விபத்து, நண்பர்கள் எதுவுமே தெரியவில்லை. அடுத்த நொடி மறுபடி 1996, ராணுவ முகாம். இப்படி மாறி மாறித் தாவுகிறான், தாவல் ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசமாகிறது. கப்பலில் இதே பாதிப்பு வந்த மின்கௌஸ்கி அவன் கண் முன்னாலேயே இறந்துபோகிறான்.

1996-இல் அவன் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் டேனியல் ஃபாரடே என்ற இயற்பியலாளரைத் தேடிப் பிடிக்கிறான். அங்கே எலோயிஸ் என்ற எலி, இன்னும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் சொல்லித்தரப்போகிற பாதையை இப்போதே ஓடி முடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் செத்தும் போகிறது. இரண்டு காலத்திலும் இருக்கிற, டெஸ்மண்டின் மனதுக்கு மிக நெருக்கமான ஒன்றை அவன் பற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எலியின் கதிதான் அவனுக்கும் என்கிறார் ஃபாரடே. இந்த விஞ்ஞானத்தைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. கதைக்கு வேண்டிய அளவுக்கு அது போதும்.

அவனுக்கு அந்த ஒன்று பென்னிதான். 1996-இல் அவளுக்கு போன் போடுகிறான். அந்த எண் துண்டிக்கப்பட்டிருக்கிறது! பலரும் கவனிக்காமல் விடுகிற இடம் இது. தனக்குத் தகுதியில்லை என்று தானே முடிவுகட்டி அவளை உதறிவிட்டுப் போனவன் அவன். அந்தக் காயத்தோடு வீட்டையும் எண்ணையும் மாற்றிக்கொண்டு போய்விட்டாள் அவள். கடைசியில் அவளுடைய அப்பா சார்லஸ் விட்மோரிடமே போய் நின்று முகவரி வாங்குகிறான். எழுதிக் கொடுத்துவிட்டு, கழிவறைக் குழாயைக்கூட மூடாமல் போய்விடுகிறார் அந்த மனிதர். இவ்வளவு சின்னச் செயலில் ஒருவரின் திமிரைக் காட்டிவிட முடிகிறதே என்று ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாக இருக்கும்.

அப்புறம் அந்த வாசல். உளறுகிறான், கெஞ்சுகிறான். உன் எண்ணைக் கொடு, எட்டு வருடத்துக்குக் கூப்பிடவே மாட்டேன், 2004 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கூப்பிடுவேன் என்கிறான். பென்னியின் இடத்தில் நின்று பாருங்கள். இன்னும் ஆறாத காயம், எதிரில் புத்தி பேதலித்தவன் போல ஒருவன். கதவைச் சாத்திக்கொள்ள அவளுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. ஆனாலும் எண்ணைச் சொல்கிறாள். தாளில் எழுதிப் பயனில்லை, காலம் தாண்டிப் போவது மனம் மட்டும்தானே. அவன் மனப்பாடம் செய்துகொள்கிறான்.

இதற்குப் பிறகு அவளுக்கு எட்டு வருடம் இருக்கிறது. டெஸ்மண்டுக்கு அந்த வாசலுக்கும் போன் அழைப்புக்கும் நடுவே ஒரு தாவல்தான். பென்னிக்குத் தாவல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாளாக வாழ்ந்துதான் அந்தத் தேதிக்கு வந்து சேர வேண்டும். இடையில் அவன் சிறைக்குப் போகிறான். அவளுக்கு எழுதிய கடிதங்கள் அப்பாவின் கையோடு நின்றுவிடுகின்றன. கடைசியில் அவன் படகில் போய்க் காணாமலும் போகிறான். ஒருமுறை எண்ணை மாற்றி அவனைத் தன் வாழ்க்கையிலிருந்து வெட்டியவள், இரண்டாவது எண்ணை மட்டும் மாற்றவில்லை. நம் சங்கப் பாடல்களில், கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவனுக்காக முல்லை நிலத்துத் தலைவி காத்திருப்பாள். அவளுக்குப் பக்கத்தில் ஆறுதல் சொல்ல ஒரு தோழியாவது உண்டு. பென்னிக்கு அதுவும் இல்லை.

காத்திருப்பு என்றால் வெறுமனே உட்கார்ந்திருக்கவும் இல்லை. மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள், தீவைப் பற்றியே தெரிந்துவைத்திருக்கிறாள். டெஸ்மண்டின் நண்பன் சார்லியுடன் பேசிய பிறகுதான் தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று புரிந்தது என்று கடைசியில் போனில் சொல்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை பேர் அவளைப் பார்த்து 'விட்டுவிடு' என்று சொல்லியிருப்பார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

ஒரு சின்னக் குறையையும் சொல்லிவிடுகிறேன். 7946-இல் தொடங்கும் எட்டு இலக்க எண்ணை அவள் சொல்கிறாள். 2000-இல்தான் லண்டன் எண்கள் எட்டு இலக்கமாயின, 1996-இல் ஏழுதான். அவள் மாற்றாவிட்டாலும் அந்த எட்டு வருடத்தில் லண்டனில் எல்லோருடைய எண்ணுமே மாறியிருக்கும். இந்தக் கதைக்காக அதை நான் மனதார மன்னித்துவிட்டேன்.

2004-இல், கப்பலில் உடைந்து கிடக்கும் தொலைத்தொடர்புக் கருவிகளைச் சயீத் சரிசெய்து கொடுக்க, மணி அடிக்கிறது, பென்னி எடுக்கிறாள். எடுத்துவிட்டாயே என்கிறான் டெஸ்மண்ட். என் கண் அந்த நேரத்தில் அவளை விட்டு நகராது. ஹென்றி இயன் குசிக் அழுது நடிக்கிறார், பிரமாதமாகவே நடிக்கிறார். ஆனால் சோனியா வால்கரின் முகத்தில் எட்டு வருடமும் ஒன்றாக வந்து இறங்குகிறது. பேட்டரி தீரப்போகிறது என்பதால் இருவரும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் பேசுகிறார்கள். இயக்குநர் ஜாக் பெண்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார், மைக்கேல் ஜியாக்கினோவின் இசை அடியில் மெல்ல ஏறுகிறது. லைன் துண்டித்துப்போகிறது. டெஸ்மண்டுக்கு நினைவு திரும்புகிறது, சயீதைப் பெயர் சொல்லி அழைக்கிறான்.

அந்த சீசனின் கடைசியில் பென்னியின் படகே அவனைக் கடலில் கண்டுபிடிக்கிறது. பின்னால் பிறக்கும் மகனுக்குச் சார்லி என்று பெயர் வைக்கிறார்கள். அந்தச் சந்திப்புதான் இவர்கள் கதையின் உச்சம் என்று சொல்கிற நண்பர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். படகில் அவர்களைச் சேர்த்து வைத்ததில் தற்செயலுக்கும், கதை எழுதியவர்களின் கருணைக்கும் பங்கு உண்டு. போன் அடித்தபோது எடுத்ததில் பென்னியைத் தவிர வேறு யாருக்கும் பங்கில்லை.