நண்டை வெட்டி ரோஜா வைத்த மாமா

காலையில அஞ்சரை மணிக்குக் குடும்ப குரூப்ல டிங். மாமாதான். ரெண்டு ரோஜா, ஒரு காபி கப்பு, கப்புல ஆவி வேற பறக்குது. நடுவுல என் நண்டு பேசின பேச்சு. நண்டைக் காணோம்!

உங்க குரூப்லயும் ஒரு மாமா இருப்பாரு, அதனால ரோஜாவுக்கு விளக்கம் வேணாம். நண்டுக்கு மட்டும் சொல்லிடுறேன். முதுகுல மூணு பொட்டு வச்ச முக்கண் நண்டு இருக்குல்ல, அதைக் கடுகடு மூஞ்சியோட வரைஞ்சு, எட்டு மாசமா அது குரல்ல ஸ்டேட்டஸ் போடுறேன். சிவனுக்கு நெத்திக்கண்ணைத் திறந்தாத்தான் எரியும். இதுக்கு மூணும் திறந்தே கிடக்கு, அதுவும் முதுகுல. நடந்து முடிஞ்சதையே பார்த்துப் பார்த்து எரியும். அதான் கேரக்டரு.

நேத்து ராத்திரி அது சொன்னது:

"விசைப்படகு மீன்பிடிக்கப் போக வாரத்துல மூணு நாள். நாட்டுப்படகுக்கு நாலு நாள். ரெண்டு பேரும் சண்டை போடாம இருக்க ஏற்பாடாம். கூட்டிப் பார்த்தேன். ஏழு வருது. எனக்கு ஞாயித்துக்கிழமை எங்கடா?"

மண்டபத்துலயோ பாம்பன்லயோ கரையில நிக்கிற யாருக்கும் இது சட்டுனு புரியும். "கூட்டிப் பார்த்தேன்" பக்கத்துல புள்ளியா கமாவான்னு முக்கால் மணி நேரம் மண்டைய உடைச்சேன். சிடுமூஞ்சி கமா போடாது சார். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தையும் சேர்க்கலாமான்னு பார்த்தேன். விசைப்படகு நின்னாலும் நாட்டுப்படகு போகும், நண்டுக்கு அப்பவும் லீவு கிடையாதுன்னு விளக்கணும். விளக்கம் சொல்ற சிடுமூஞ்சி, வாத்தியார் ஆயிடும். தூக்கிப் போட்டேன்.

இவ்வளவு பாடுபட்டதை மாமா என்ன பண்ணாரு? "எங்கடா"வை "எங்கே" ஆக்கிட்டாரு. மரியாதையாம். மேல "உழைப்பே உயர்வு", கீழ "இனிய காலை வணக்கம்".

"மாமா, இது நண்டு புலம்புறது."

"எந்த நண்டு மாப்ள?"

"நீங்க வெட்டுன நண்டு."

"அது பூவை மறைச்சுச்சு மாப்ள."

பூவை மறைச்சுச்சாம்! பேசுறவனைத் தூக்கிட்டுப் பேச்சை மட்டும் வச்சா, யாருக்குய்யா ஞாயித்துக்கிழமை கேக்குறீங்க? காபி கப்புக்கா? கார்ஃபீல்டுன்னு ஒரு கார்ட்டூன் பூனை 1978லேர்ந்து வேலைக்கே போகாம திங்கக்கிழமையைத் திட்டிக்கிட்டு இருக்கு. அதுக்கு எந்த ஊரு மாமாவாவது ரோஜா வச்சாரா?

இதோட விட்டிருந்தா நானும் பல்லு விளக்கப் போயிருப்பேன். சின்னம்மா வந்துச்சு. "ஏழு நாளும் உழைக்கணும்னு எவ்வளவு அழகா சொல்லியிருக்காங்க! யாரு சொன்னதுண்ணே?"

மாமா யோசிக்கவே இல்ல. "அப்துல் கலாம்."

போனைக் கீழ வச்சுட்டேன். திரும்ப எடுத்துப் படிச்சேன். அதேதான் இருக்கு. அவரு சின்னப் புள்ளையில ஓடுற ரயில்லேர்ந்து வீசுற பேப்பர் கட்டை எடுத்து வீடு வீடா போட்டவரு. இப்ப எங்க ஊரு மாமாக்கள் கட்டி விடுற பொன்மொழிக் கட்டு அதைவிட பாரம். கலாம் ஐயா போய், "எனக்கு ஞாயித்துக்கிழமை எங்கே"ன்னு கேப்பாரா? கேக்குற ஆளா அவரு? சரி, நாட்டுப்படகு விசைப்படகு கணக்குல அவருக்கு என்ன பங்கு? பதினாலு பேரு கைகூப்பி எமோஜி போட்டிருக்காங்க. பதினாலு பேருல ஒருத்தர்கூட கூட்டிப் பார்க்கல.

"அது நான் எழுதினது"ன்னு போட்டேன். அஞ்சு நிமிஷம் குரூப்பே அமைதி. அப்புறம் மாமா: "கலாம் ஐயா பேரைக் கெடுக்காத மாப்ள."

அதுக்குக் கீழ மச்சான் ஒருத்தன், "நண்டு கிலோ என்ன விலை போகுது?"

அங்கதான் சிரிப்பு வந்துருச்சு. கடுப்புல வர்ற சிரிப்பு, தொண்டையில மாட்டுன முள்ளு மாதிரி. வண்டிய எடுத்துக்கிட்டுத் தங்கச்சிமடத்துலேர்ந்து நேரா தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு விட்டேன், கடலையாவது பார்ப்போம்னு. இறங்கி நின்னதும் போன் டிங். மாமாவோன்னு பயந்து பார்த்தா, "இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்".

பாஸ்போர்ட்டே எடுக்காத பயலுக்கு வரவேற்பு! கடலைத் தாண்டி அவங்க டவரு வந்து கைகுடுக்குது, எங்க வீட்டு மாடியில மட்டும் மாசாமாசம் காசு கட்டியும் ஒரு சிக்னல் கோடு நிக்க மாட்டேங்குது. ஓடிபி வாங்க தண்ணித் தொட்டி மேல ஏறணும். நேத்து ஏறுறப்ப செருப்பு அறுந்துருச்சு.