டியூப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டு அலமாரியில் கிடக்கிற களிம்பு டியூப்புகளை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். ஒன்றில் ‘ஹைட்ரோகார்ட்டிசோன் 1%’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘குளோபெட்டசோல் 0.05%’. எண்ணை வைத்துப் பார்த்தால் முதலாவதுதான் கடுமையானது என்று தோன்றும். உண்மை நேர்மாறு. ஹைட்ரோகார்ட்டிசோன் ஸ்டீராய்டு களிம்புகளிலேயே மென்மையானது. குளோபெட்டசோல் உச்சியில் இருப்பது. இரத்தக் குழாயைச் சுருக்கும் திறனை வைத்து அளந்தால் சுமார் 600 மடங்கு வலுவானது. ஒரு மருந்தின் விழுக்காட்டை வேறொரு மருந்தின் விழுக்காட்டோடு ஒப்பிடவே கூடாது. இது தெரியாததால்தான் ‘கொஞ்சம் போலத்தானே இருக்கு’ என்று பிள்ளையின் கன்னத்தில் அதைத் தடவுகிறோம்.

ஸ்டீராய்டுக் களிம்பை மாதக்கணக்கில், குறிப்பாக முகத்திலும் மடிப்புகளிலும், விடாமல் பூசிவிட்டு நிறுத்தும்போது தோல் பொங்கி எழுவதைத்தான் டி.எஸ்.டபிள்யூ என்கிறார்கள். தமிழில் ‘பூச்சு ஸ்டீராய்டு விலகல்’ என்று சொல்லலாம். இது இணையத்தில் கிளம்பிய புதுப் பீதி இல்லை. கிளிக்மன், ஃபிராஷ் என்ற இரு தோல் மருத்துவர்கள் 1979-லேயே ‘ஸ்டீராய்டுக்கு அடிமையாதல்’ என்று எழுதிவிட்டார்கள். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 செப்டம்பரில் எச்சரிக்கை விட்டது. அப்படியிருந்தும் இங்கே நோயாளி இந்தப் பெயரைச் சொன்னால் ‘கூகல்ல படிச்சிட்டு வந்தீங்களா?’ என்ற பதில் இன்னும் கிடைக்கிறது. அது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது.

அரிப்போடு வரும் தோலழற்சியான சாதாரண எக்சிமாவிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? எக்சிமாவில் அரிப்பு முன்னால் நிற்கும். இதில் எரிச்சல் முன்னால் நிற்கும், வெந்நீர் கொட்டியதுபோல. நிறுத்திய சில நாளிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் தொடங்கும். முன்பு எக்சிமாவே இல்லாத இடத்துக்கும் பரவும். கை முழுக்கச் சிவந்து, மணிக்கட்டில் சட்டைக் கை முடிவதுபோல் கோடு போட்டு நிற்கும்; உள்ளங்கை தப்பிவிடும். முகம் முழுக்கச் சிவந்தாலும் மூக்கு மட்டும் வெளிறியிருக்கும். நீர் கசியும், காய்ந்து செதில் செதிலாக உதிரும், காலையில் படுக்கை விரிப்பை உதறினால் மாவு கொட்டுவதுபோல் கொட்டும். இரவில் தூக்கம் போய்விடும், ஏர்கான் அறையில் குளிர் நடுக்கும். ஒன்றை நம்மவர்கள் கவனிக்க வேண்டும்: ‘சிவப்பு’ என்பது வெள்ளைத் தோலை வைத்து எழுதிய சொல். நம் நிறத்தில் அது கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில நேரம் வெறும் கறுப்பாகத் தெரியும். ‘வெயில்ல கறுத்துட்டே’ என்று விட்டுவிடாதீர்கள். தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும்.

இதைப் படித்துவிட்டு எல்லா ஸ்டீராய்டும் விஷம் என்று முடிவுகட்ட வேண்டாம். சரியான வலுவில், சரியான இடத்தில், சில நாளுக்குப் பூசினால் எக்சிமாவை அடக்க அது நல்ல மருந்து. பயத்தில் பூசாமல் விட்டுக் குழந்தையைச் சொறிந்து புண்ணாக விடுவதும் கொடுமைதான். கோளாறு அளவில் இருக்கிறது, இடத்தில் இருக்கிறது, நாளில் இருக்கிறது.

அளவு: ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, விரல்களையும் சேர்த்து, போதும். முகம், கழுத்துக்கு இரண்டரை விரல்நுனி, அதாவது 1.25 கிராம். தினம் ஒரு வேளை பூசினால் 15 கிராம் டியூப் 12 நாளில் தீர வேண்டும். டியூப்பைத் திறந்த அன்றே பேனாவால் தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். தீர்ந்ததும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஆறு மாதத்தில் எத்தனை டியூப் ஆனது என்று மருத்துவரிடம் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

இடம்: முன்கையில் உறிஞ்சப்படுவதை 1 என்று வைத்தால், நெற்றியில் 6, தாடையில் 13, விரைப்பையில் 42. ஆகவே முழங்காலுக்குக் கொடுத்த களிம்பை இமையில் தடவுவது வேறு மருந்தையே தடவுவதற்குச் சமம். குளோபெட்டசோலை முகத்தில் பூசவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பிலும் தொடர்ந்து இரண்டு வாரம், வாரத்துக்கு 50 கிராம் என்பதே மேல்வரம்பு.

கோலாலம்பூரில் இது நம் கைக்கு எங்கிருந்து வருகிறது? ஒன்று, கிளினிக்கில் தரும் பெயரில்லாத சின்ன வெள்ளை டப்பா. மருந்தின் பெயர், விழுக்காடு, எத்தனை நாள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்க வேண்டியதில்லை. இரண்டு, ஊருக்குப் போய்வரும் உறவினர் வாங்கிவரும் கதம்ப டியூப்: குளோபெட்டசோல், பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் எல்லாம் ஒன்றாக. வட்டமாக வரும் பூஞ்சைப் படைக்கு இதைப் பூசினால் அரிப்பு இரண்டே நாளில் அடங்கும். ஆனால் ஸ்டீராய்டு அங்கே தோலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே போகும், வட்டம் அழிந்து உருத்தெரியாமல் போகும். பிறகு பார்க்கிற மருத்துவருக்கே அது படை என்று பிடிபடாது.

மூன்றாவதுதான் மோசம்: பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் ஆன்லைனிலும் தீபாவளிக்கு முன்னால் பறக்கிற, முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம்கள். பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின், பாதரசம் கலந்த அழகுப் பொருள்களைப் பற்றிச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. சந்தேகப்பட ஒரு குறிப்பு: மூன்றே நாளில் முகம் பளபளக்கிறது, இரண்டு நாள் விட்டால் எரிகிறது. அப்படியென்றால் அது வெறும் கிரீம் அல்ல. மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி என்று தொடங்கி கே-யில் முடியும் அறிவிப்பு எண். மலேசியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ-வின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்கலாம். ஆனால் என்.ஓ.டி எண் இருந்தால் சோதித்துப் பார்த்து விற்பனைக்கு விட்டார்கள் என்று அர்த்தம் ஆகாது.

நீண்ட நாள் பூசியவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்தாதீர்கள். பெரிய பரப்பில் வலுவான ஸ்டீராய்டு பூசியிருந்தால் உடம்பு தானே உண்டாக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசோலைச் சுரப்பதைக் குறைத்திருக்கலாம். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, கடும் சோர்வு, மயக்கம் வரை போகும். எப்படிக் குறைப்பது என்பதைத் தோல் மருத்துவர்தான் வகுக்க வேண்டும். காய்ச்சல், சீழ், துளையிட்டதுபோல் கொத்துக் கொத்தாகப் புண், உடல் முழுக்கச் சிவப்பு என்றால் காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். ‘டி.எஸ்.டபிள்யூதான், தானாகப் போகும்’ என்று கிருமித்தொற்றை வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது இன்னொரு ஆபத்து. டாக்ரோலிமஸ் களிம்பு, ஒளிச் சிகிச்சை, சைக்ளோஸ்போரின், டுபிலுமாப் ஊசி என்று ஸ்டீராய்டு அல்லாத வழிகளும் இருக்கின்றன, தயங்காமல் கேளுங்கள்.

பிரிட்டனில் 2024-இல் ஒரு முடிவு எடுத்தார்கள். ஒவ்வொரு ஸ்டீராய்டு டியூப்பிலும் மென்மை, நடுத்தரம், வலு, மிகு வலு என்று அதன் வலுவை அச்சடிக்க வேண்டும். நம் டியூப்பிலும் அந்த ஒரு சொல் வேண்டும், மலாயிலும் தமிழிலும் சீனத்திலும். விழுக்காட்டைப் பார்த்து ஏமாறும் ஒரு தாயை அது தடுத்துவிடும்.

வீட்டில் யாருக்காவது இது வந்திருந்தால், ‘சொறியாதே’ என்று அதட்டாதீர்கள். அந்த எரிச்சலில் கை தானாகப் போகும். நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கள். பழைய பருத்திக் கைலியை விரித்துப் படுக்கச் சொல்லுங்கள். வாசனையில்லாத ஈரப்பூச்சைப் பெரிய டப்பாவாக வாங்குங்கள், பெரியவருக்கு வாரம் 250 கிராமுக்கு மேல்கூடப் போகும். மஞ்சள், வேப்பிலை அரைப்பு, தைலம் எதையும் வெந்த தோலில் வைக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு அவர்கள் எழுந்து உட்கார்ந்தால், குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை நீங்களே எடுத்துப் போய்க் கொடுங்கள்.