தானே எழுதியதைப் படித்தால் டிரைவ் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடுமா?

‘கமடோர் 1541 பிளாப்பி டிரைவில் (கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியின் டிஸ்க் டிரைவ்) ஹெட், அதாவது டிஸ்க்கில் எழுதிப் படிக்கும் முனை, விலகியிருக்கிறதா என்று பார்க்க, புது டிஸ்க்கை அதிலேயே ஃபார்மட் செய்து, எழுதிப் படியுங்கள், படித்தால் எல்லாம் சரி’ என்றொரு குறிப்பு சுற்றுகிறது. இது தவறு.

விலகிய ஹெட் எழுதும்போதும் விலகித்தான் எழுதும். படிக்கும்போதும் அதே இடத்தில் போய் நிற்கும். கோணல் ஸ்கேலால் போட்ட கோட்டை அதே ஸ்கேலை வைத்துச் சரிபார்க்கிற கதைதான். அடுத்தடுத்த டிராக்குகளுக்கு (டிஸ்க்கில் தகவல் பதியும் வட்டத் தடங்களுக்கு) இடையே சுமார் 0.53 மி.மீ. மட்டுமே என்பதால், வேறு டிரைவில் எழுதிய டிஸ்க்கைப் போட்டதும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு சிக்கல்: இந்த டிரைவில் முதல் டிராக்கைக் காட்டும் சென்சார் கிடையாது. ஃபார்மட் தொடங்கும்போது ஹெட்டைத் தடுப்பில் டகடகவென மோதித்தான் இடம் பிடிக்கும். (கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது.) இப்படி மோதி மோதித்தான் ஹெட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் தண்டில் உள்ள கப்பி நழுவி, ஹெட் விலகுகிறது. ஆக, இந்தச் சோதனையே கோளாறை வளர்க்கலாம்.

முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஹெட்டைத் துடையுங்கள். பல நேரம் அழுக்குதான் காரணம். அப்புறமும் படிக்காவிட்டால், மென்பொருள் கம்பெனி வெளியிட்ட அசல் டிஸ்க் ஒன்றைப் போட்டு, அந்த ஸ்டெப்பர் மோட்டாரின் இரு திருகுகளைச் சற்றே தளர்த்தி, 1, 18, 35 ஆகிய மூன்று டிராக்குகளும் பிழையின்றி வரும்வரை மோட்டாரை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். திருகை இறுக்கியபின் மறுபடி படித்துப் பாருங்கள், இறுக்கும்போதே மோட்டார் நகர்ந்துவிடலாம்.