அந்த முனகலையும் கேளுங்கள்

மனைவிக்கு உண்மையாக இருப்பேன் என்று அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் சத்தியம் செய்யும் பாடல் 'ஐ வாக் த லைன்'. அவருடைய மணவாழ்க்கை பிறகு முறிந்ததைக் காட்டி, நான் படித்த கட்டுரை ஒன்றின் ஆசிரியர் அதைப் 'பொய்ச் சத்தியம்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். 1966இல் கேஷின் மனைவி விவாகரத்து கோரியது உண்மைதான். ஆனால் மெம்பிஸ் நகரின் சன் ஸ்டூடியோவில் 1956இல் இந்தப் பாடலைப் பதிவு செய்தபோது கேஷுக்கு வயது 24. வீட்டில் மனைவி விவியனும் கைக்குழந்தையும். அவரோ ஊர் ஊராகக் கச்சேரியில். சபலம் தட்டாதவனுக்கு இப்படியொரு பாட்டு எதற்கு? மனம் வழுக்குகிறது என்று தெரிந்தவன்தான் தன் மனத்துக்குக் காவல் போடுவான்.

இசையையும் கொஞ்சம் கேளுங்கள். டிரம்ஸ் கிடையாது, கிதார் கம்பிகளுக்கிடையே காகிதத்தைச் செருகி அந்தத் தாளத்தை வரவழைத்தார். சரணத்துக்குச் சரணம் சுருதி மாறுகிறது. அதைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் முதலில் மெல்ல முனகிக்கொள்கிறார். கடைசிச் சரணம் முதல் சரணத்தின் வரிகளேதான், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. அவ்வளவு ஆழத்துக்குக் குரல் இறங்கும்போது பெருமிதம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை, பயம்தான் கேட்கிறது. பத்தாண்டு கழித்து நடந்ததை வைத்து அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.